தம்புவின் பெயர்

தென்கடல் தீவொன்றின் கரையிலுள்ள கிம்பே ஊரில் பெயர் சொல்லியே பிழைத்த மனிதர் பிளாசியஸ். அவர் தொழில் அது. அங்குள்ள சிறிய வானொலி நிலையத்தில் நாளுக்கு நான்கு முறை தகவல் வாசிப்பார். இன்ன ஊர் இன்னார் இறந்துவிட்டார், இன்னார் மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள், படகுத்துறைக்கு ஆள் அனுப்புங்கள், இன்னாருடைய பன்றி கோயில் தோட்டத்துக் கிழங்கைத் தோண்டிக்கொண்டிருக்கிறது, வந்து ஓட்டிக்கொண்டு போங்கள். கடற்கரை நெடுக, போன் சரியாக எட்டாத ஊர்களில், பிளாசியஸ் வாய் திறந்தால்தான் சேதி. ஒவ்வொரு தகவலையும் மூன்று முறை வாசிப்பது நிலையத்து வழக்கம். முதல் முறை காது கொடுக்க, இரண்டாம் முறை புரிந்துகொள்ள, மூன்றாம் முறை பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட்டுக் கேட்கவைக்க என்று அவரே சொல்வார்.

இருபத்தாறு வருடமாக இப்படி ஊரார் பெயரையெல்லாம் வாயில் போட்டு மென்ற மனிதருக்கு ஒரு பெயர் மட்டும் வராது. மனைவி லுத்வினாவின் தம்பி பெயர். நமக்கு அவன் உறவில்லை, நாம் தாராளமாகச் சொல்லலாம்: மத்தியாஸ் கௌலா. பெண் எடுத்தவனும் பெண் வீட்டானும் ஒருவரையொருவர் பெயர் சொல்லக் கூடாது என்பது அந்தக் கரையின் சட்டம். இருவரும் இருவருக்கும் 'தம்பு'. அதோடு முடிந்தது. ஞானஸ்நானப் பெயரும் கூடாது, வீட்டுப் பெயரும் கூடாது. கௌலா என்றால் அவர்கள் ஊர்ப் பேச்சில் மழைமேகம். ஆகவே பிளாசியஸ் வாயில் மழைமேகமும் வராது. புதன்கிழமைகளில் ஊர் மொழியில் வானிலை வாசிக்கும்போது, "மேற்கே மேலே கறுத்தது கூடும்" என்பார். கேட்கிறவர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டு, பாவம், பெண் எடுத்தவன் என்பார்கள்.

வாய் தவறிவிட்டால்? பன்றியை ஓட்டிக்கொண்டு போய் தம்புவின் முற்றத்தில் நிற்க வேண்டும். அவன் ஏற்றுக்கொண்டால் சரி. ஏற்கும்வரை ஒரே படகில் இடமில்லை, ஒருவர் பாக்கை இன்னொருவர் தொட முடியாது. ஏற்காமலே போன கதைகளும் உண்டு. பிளாசியஸின் அப்பாவே அப்படித்தான். ஒரு சாவு வீட்டில், அழுகையில், தன் தம்புவின் பெயரைச் சொல்லிவிட்டார். பன்றி திரும்பி வந்தது. பதினோரு வருடம் இருவரும் எதிரெதிர் வீட்டில் பேசாமல் இருந்தார்கள். அப்பாவின் சவப்பெட்டி தெருவில் போன அன்றுதான் எதிர்வீட்டு மனிதர் வாசலுக்கு வந்து நின்றார். அப்போது பிளாசியஸுக்கு வயது பதினாறு. அந்த வாசலை அவர் மறக்கவே இல்லை.

ஆனால் கௌலாவோடு அவருக்கு ஒரு மனத்தாங்கலும் வந்ததில்லை. வீடு கட்டியபோது கூரைக்கு ஓலை சுமந்தவன் கௌலா. மூத்தவன் பொனிபஸ் காய்ச்சலில் கிடந்தபோது படகில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தவன் கௌலா. சனிக்கிழமை சந்தைக்கு வந்தால் நேரே நிலையத்துக்குள் நுழைந்து, அக்காள் கணவரின் பாக்கு டப்பாவைத் திறந்து, சுண்ணாம்பும், வெற்றிலைக்குப் பதிலாக அந்தக் கரையில் மெல்லும் வெற்றிலைக்கொடிக் காயும் சேர்த்து மென்று, டப்பாவைக் காலி செய்துவிட்டுத்தான் போவான். "தம்பு, உங்க பாக்குல ஒரு ருசி. ஓசின்னாலே ருசிதான்" என்பான். எத்தனை கிண்டல் செய்தாலும் 'நீங்க' மாறாது.

பிளாசியஸுக்கு இன்னொரு கிறுக்கும் உண்டு. வார்த்தைக் கிறுக்கு. வியாழன் மாலை அரைமணி நேரம், 'ஒரே வார்த்தை' என்று ஒரு நிகழ்ச்சி. எண்ணெய்ப்பனைத் தோட்டமும் ஆலையும் வந்த பிறகு கிம்பேயில் எந்தத் தீவுக்காரன்தான் இல்லை? ஒரு வார்த்தையை எடுத்து, உன் ஊரில் இதற்கு என்ன பொருள் என்று ஆளுக்கு ஆள் கேட்பார். ஐந்துக்கு 'லிமா' என்று எத்தனையோ தீவுகளில் சொல்கிறார்கள், சில தீவில் கைக்கும் அதுவே பெயர் என்று தெரிந்த நாளில் அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போனார். முன்னோர்கள் படகில் வந்தார்கள், இறங்கின தீவிலெல்லாம் ஒரு பிடி வார்த்தையைப் போட்டுவிட்டுப் போனார்கள் என்பது அவர் கட்சி. தீவுக்குத் தீவு அது வேறு வேறாக முளைத்தது, விதை ஒன்றுதான்.

ஒரு வாரம் எடுத்த வார்த்தை தம்பு. மூன்று பேர் வந்திருந்தார்கள். மிஷன் மருத்துவமனையில் வேலை செய்யும் டோங்கா நாட்டுக் கன்னியாஸ்திரி லூபே, எண்ணெய் ஆலையில் இயந்திரம் பார்க்கும் பிஜிக்காரர் இலைசா, ரபாவுல் பக்கத்திலிருந்து வந்து சந்தையில் கடை போட்டிருக்கும் ஒத்திலியா. ஒத்திலியா உட்காரும்போதே சண்டைக்குத் தயாராக உட்கார்ந்தாள்.

"எங்க ஊர்ல தம்புன்னா, தொடாதேன்னு அர்த்தம்" என்றார் இலைசா. "பஸ்ல எழுதி வெச்சிருப்பான், சிகரெட் தம்புன்னு. கடலுக்கும் போடுவோம். தலைவர் செத்துட்டா நூறு நாளைக்கு அந்தப் பாறைப் பக்கம் மீன் புடிக்கக் கூடாது. நூறு நாள் கழிச்சுப் போய்ப் பாருங்க, வலைய இழுக்க ஆள் பத்தாது."

"என்னய்யா தொடாதே?" என்றாள் ஒத்திலியா. "எங்களுக்குத் தம்புன்னா சங்குச்சரம். சின்னச் சின்ன சங்கு, பிரம்புல கோத்து, வண்டிச் சக்கரம் பெருசுக்குச் சுத்தி வெச்சிருப்போம். தொட்டுத் தொட்டு எண்ணுவோம். செத்தா அத அறுத்து வந்தவங்களுக்கெல்லாம் குடுக்கணும். தம்பு இல்லாதவன் செத்தா அழ வர்றவன்கூட யோசிப்பான்."

"எல்லாம் ஒண்ணுதான்" என்றார் லூபே மெல்ல. "எங்க ஊர்ல தபுன்னு சொல்வோம். எடுத்துத் தனியா வெச்சது. ஞாயித்துக்கிழமை தபு. ராஜா தபு. எங்கண்ணன் இருக்கிற ரூம்ல நான் உக்காரமாட்டேன். கோவமா என்ன? அவன் எனக்குத் தபு. தெனம் புழங்குற பொருளோட சேத்து வைக்கக் கூடாது, அவ்ளோதான். இந்த வார்த்தையத்தான் வெள்ளைக்காரக் கப்பக்காரன் எங்க கரையில எறங்கி, கேட்டு, தூக்கிட்டுப் போய் அவன் பாஷைல வெச்சுக்கிட்டான்."

"திருப்பிக் குடுத்தானா?" என்றாள் ஒத்திலியா.

"அவன் எதைக் குடுத்தான்?"

பிளாசியஸ் சிரித்துவிட்டு, "எனக்குத் தம்புன்னா என் பொஞ்சாதியோட தம்பி, சிஸ்டர். என் பாக்கு டப்பாவக் காலி பண்றவன். அந்த ஆளத் தனியா எடுத்து வைக்கிற அளவுக்கு என்ன இருக்குன்னு எனக்குத் தெரியல" என்றார்.

"அப்படியா? எங்க, அவர் பேரச் சொல்லுங்க பாப்போம்" என்றார் லூபே.

கடற்கரை நெடுகச் சிரித்திருப்பார்கள். பிளாசியஸ் அவசரமாக ஒரு பாட்டைப் போட்டார்.

அடுத்த நாள், வெள்ளிக்கிழமை விடியலில், கௌலா சூரை மீனுக்குத் தனியாகப் படகெடுத்துப் போனான். பொழுது சாய வரவேண்டியவன் வரவில்லை. சனிக்கிழமை மதியமும் வரவில்லை. காற்று வேறு கிளம்பியிருந்தது. அம்மா வீட்டில் இருந்த லுத்வினா கோயில் குன்றின்மேல் ஏறி, போன் எட்டுகிற இடத்தில் நின்று நிலையத்தைக் கூப்பிட்டாள்.

"பொனிபஸ் அப்பா, தம்பியக் காணோம். கரை பூரா சொல்லுங்க. யாராவது பாத்திருப்பாங்க."

பிளாசியஸ் நிலையத்தில் தனியாள். கூட வாசிக்கும் பெண் உறவுக்காரக் கல்யாணத்துக்குப் போயிருந்தாள். இருந்தது வாயிற்காவலர் கெபா மட்டும், மலைநாட்டுக்காரர், மார்பில் பாதிக்குத் தாடி. பிளாசியஸ் அவரை உள்ளே கூப்பிட்டு, ஒரு தாளில் தகவலை எழுதி, ஒலிவாங்கி முன்னால் உட்காரவைத்தார். "நீங்க வாசிங்க அண்ணே. எனக்கு அவர் தம்பு."

கெபா தாளைப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. "மத்த எல்லாத்தையும் வாசிக்கிறேன். இந்த மொதப் பேரு... என் பொஞ்சாதியோட அண்ணன் பேரும் இதான்."

"என்னது?"

"பாதர் எல்லாருக்கும் அதே பேரத்தான வைக்கிறாரு. நான் என்ன பண்ண?"

கையைப் பிசைந்துகொண்டு நின்றார் பிளாசியஸ். முதல் பெயரை விட்டு மிச்சத்தை மட்டும் வாசித்தால், கேட்கிறவர்கள் வானிலை என்று நினைத்துக்கொள்வார்கள். ஒன்றரை மணித் தகவல் நேரம் வந்துவிட்டது. அவரே உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த சாமர்த்தியத்தையெல்லாம் காட்டி வாசித்தார். "வவுலா ஊரைச் சேர்ந்த என் தம்பு, நீலக் கோடு போட்ட படகில் நேற்றுப் போனவர், திரும்பவில்லை. பார்த்தவர்கள் சொல்லுங்கள்." மூன்று முறை வாசித்தார். வேலை முடிந்தது என்று நினைத்தார்.

அறிவுள்ள மனிதர்தான், ஆனால் ஒன்றை மறந்துவிட்டார். லுத்வினாவுக்கு அண்ணன் தம்பி மூவர். பெரியப்பா சித்தப்பா மக்களையும் சேர்த்தால் இருபது பேர். அத்தனை பேரும் பிளாசியஸுக்குத் தம்பு. வவுலாவில் நீலச் சாயம் மலிவாகக் கிடைத்த வருடம் எல்லோரும் நீலக் கோடுதான் போட்டிருந்தார்கள். இரண்டரை மணிக்கு ஒரு தம்புவைக் காப்பாற்றிவிட்டார்கள். சித்தப்பா மகன் ஒருவன் அலை உடையும் பாறைத்திட்டுக்கு உள்ளே, ஊருக்கு எதிரிலேயே, நிம்மதியாகத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். மூன்று படகு சுற்றி வளைத்தது. நான் தொலையவில்லை என்று அவன் கத்தக் கத்தக் கேட்காமல், தண்ணீர் கொடுத்து, போர்வை போர்த்தி, கரையில் இறக்கி, ஜெபம் சொன்னார்கள். தேடப்போன மற்ற படகுகளும் அதோடு திரும்பிவிட்டன.

லுத்வினா மறுபடி கூப்பிட்டாள். அழுது முடித்த குரல்.

"யாரு யாரையோ புடிச்சிட்டு வந்து நிறுத்துறாங்க. பேரச் சொல்லுங்க."

"லுத்வினா, எப்படிச் சொல்வேன்? எங்கப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"அவர் திரும்பி வந்து என் மூஞ்சியிலயே முழிக்கலன்னா?"

"முழிக்கிறதுக்கு மொதல்ல அவன் வரணுமில்ல" என்றாள் அவள்.

பிளாசியஸ் போனை வைத்தார். மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. இந்த மனிதனைத் தேடிக் கண்டுபிடித்தாலும் நான் இழந்துவிடுவேன் என்று அவருக்குத் தோன்றியது. சனிக்கிழமைகளில் டப்பாவைத் திறக்கிற அந்தக் கை இனி வராது. ஆனாலும் அது எங்கோ ஓர் இடத்தில் உயிரோடு இருக்க வேண்டும். அவர் தாளை எடுத்தார். கெபா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, குளிக்கிற இடத்திலிருந்து ஒதுங்குகிறவரைப் போல, வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

"மத்தியாஸ் கௌலா" என்றார் பிளாசியஸ்.

தண்ணீர் குடித்தார். "வவுலா ஊர் மத்தியாஸ் கௌலா. வெள்ளி விடியலில் தனியாகப் போனவர். திரும்பவில்லை." வழக்கத்தை விடக்கூடாது என்று மூன்று முறை வாசித்தார். மூன்றாம் முறை குரல் உடைந்துவிட்டது. கரை நெடுக அடுப்படிகளில் பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். பிளாசியஸ் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்துவிட்டதென்றால் விஷயம் விளையாட்டில்லை என்று ஊருக்குப் புரிந்தது.

அரைமணியில் கிழக்கே ஓர் ஊரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். "கௌலாவா? அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? நேத்துக் காலைல எங்க கரைக்கு வந்து படகுக்கு எண்ணெய் ஊத்திக்கிட்டான். புறாத்தீவுக்கு அந்தப் பக்கம் மீன் கூட்டம்னு சொன்னான்." தேடப்போனவர்களுக்குச் சேதி பறந்தது. பொழுது சாயுமுன் ஐந்து படகுகள் புறாத்தீவைச் சுற்றின. கரையில் பச்சை மட்டையைக் கொளுத்திப் புகை போட்டுக்கொண்டு கௌலா நின்றிருந்தான். மோட்டார் செத்துப்போய், நீரோட்டம் இழுத்து, எப்படியோ அந்தத் தீவில் ஒதுங்கியிருந்தான். குடிக்க இரண்டே இளநீர்தான் பாக்கி. காற்று இன்னும் நாலு நாளைக்கு ஓயவில்லை.

நடந்ததையெல்லாம் லுத்வினாதான் ஞாயிறன்று வீட்டுக்கு வந்து சொன்னாள். அவனிடம் சின்ன ரேடியோ ஒன்று இருந்ததாம். ஒன்றரை மணித் தகவலைக் கேட்டு, யாரோ ஒரு தம்பு தொலைந்துவிட்டான் பாவம் என்று இவனே உச்சுக்கொட்டினானாம். மூன்று மணிக்குத் தன் பெயரைக் கேட்டதும் கையிலிருந்த தேங்காய் விழுந்துவிட்டதாம்.

"செத்துட்டேன்னே நெனச்சானாம். அந்தக் குரல் அந்தப் பேரச் சொல்லுதுன்னா நான் உயிரோட இருக்க முடியாதுன்னு தொடையக் கிள்ளிப் பாத்தானாம். அப்புறம்தான் நம்மளத் தேடுறாங்கன்னு புரிஞ்சு மட்டையக் கொளுத்தினானாம்."

பிளாசியஸ் சிரிக்கவில்லை. "கோவமா இருக்காரா?"

"அத மட்டும் சொல்லல. கேட்டா, அடுத்த ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு வரச் சொல்லுன்னான்."

அந்த வாரம் பிளாசியஸுக்குச் சோறு இறங்கவில்லை. வியாழக்கிழமை வார்த்தை ஏதும் எடுக்காமல் அரைமணியும் பாட்டாகப் போட்டார். சனிக்கிழமை சந்தை நாள். கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தார். கெபா வந்தார், தபால்காரர் வந்தார், கௌலா வரவில்லை. மேசைமேல் பாக்கு டப்பா நிறைந்தபடி இருந்தது. அவருக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, இருந்ததில் நல்ல பன்றியாகக் கயிற்றில் கட்டி, பொனிபஸ் ஒரு பக்கம் பிடிக்க, வவுலாவுக்கு ஓட்டிக்கொண்டு போனார். கௌலாவின் முற்றத்தில் உறவு முழுக்கக் கூடியிருந்தது. தப்பாகக் காப்பாற்றப்பட்ட சித்தப்பா மகனும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிளாசியஸ் கயிற்றைப் பிடித்தபடி வெயிலில் நின்றார். அப்பாவும் இப்படித்தான் நின்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டார்.

கௌலா வீட்டிலிருந்து இறங்கி வந்தான். உதடெல்லாம் வெயிலில் வெடித்திருந்தது. பன்றியைப் பார்த்தான், பிறகு அவரைப் பார்த்தான்.

"பிளாசியஸ்" என்றான்.

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவனுடைய அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பிளாசியஸ்" என்றான் இரண்டாவது முறை. கொஞ்சம் நிறுத்தி, "பிளாசியஸ்" என்றான் மூன்றாவது முறையும்.

இருபத்தாறு வருடத்தில் அந்த வாயிலிருந்து அந்தப் பெயர் வந்ததில்லை. தன் பெயர் இவ்வளவு கனமானது என்று பிளாசியஸுக்கு அன்றுதான் தெரிந்தது. எடுத்துத் தனியாக வைத்தது என்று கன்னியாஸ்திரி சொன்னது வெறும் வார்த்தை விளக்கமாக அன்றைக்குக் காதில் விழுந்திருந்தது. இப்போது அது நெஞ்சில் இறங்கியது. கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது, அவர் துடைக்கவில்லை.

"நீங்க மூணு தடவ வாசிச்சீங்க, நானும் மூணு தடவ வாசிச்சிட்டேன்" என்றான் கௌலா. "உங்க தப்பும் என் தப்பும் சரியாப் போச்சு. நானும் உங்க முற்றத்துக்குப் பன்னி ஓட்டிட்டு வரணும்னா இந்தப் பன்னியவே திரும்ப ஓட்டிட்டு வரணும். எதுக்கு அலையணும்? இங்கயே சாப்பிட்டுடலாம்."

முதலில் சிரித்தவன் சித்தப்பா மகன். பிறகு முற்றமே சிரித்தது. பன்றியை வேகவைக்க ஆண்கள் கல்லைச் சுடப்போட்டார்கள், பெண்கள் சேப்பங்கிழங்கும் இலையும் எடுத்துவந்தார்கள். பொனிபஸ் கயிற்றை வாங்கிக்கொண்டு போனான். பிளாசியஸ் மாமர நிழலில் போய் உட்கார்ந்தார். கௌலா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தோளில் தொங்கிய பையைப் பார்த்தான்.

"பாக்கு இருக்கா, தம்பு?"

பிளாசியஸ் டப்பாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அப்படியே அவன் மடியில் வைத்தார்.